டாக்டர் கொடுத்த சீசா

குடியாத்தம் ரயில் ஸ்டேஷன்
1903 ஜூன் 7

மரியாதைக்குரிய ராஜப்பா மாமாவுக்கு மச்சான் தங்கவேலு வணக்கம் சொல்லி எழுதுவது. அம்மாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே பாப்பம்மா அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, உங்கள் தம்பி மாப்பிள்ளை தசரதனுக்கு இந்த மாதம் தங்கச் சுரங்கத்தில் எந்த ஷிப்டு, தங்கை குணசுந்தரி வேளைக்குச் சாப்பிடுகிறாளா, எல்லாவற்றுக்கும் பதில் எழுதவும்.

காரியத்துக்கு வருகிறேன். குணசுந்தரிக்கு இது ஆறாம் மாதம். ஏழில் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். சொன்ன வாயோடு அழவும் செய்கிறாள். காரணம் உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா ரத்தினம்மாளை இதே மாதிரி ஆம்பூரிலிருந்து மாட்டு வண்டியில் அழைத்து வந்தோம். ஒன்பதாம் மாதம். ஊர் வந்து சேருவதற்குள் வண்டியிலேயே போய்விட்டாள். வண்டியை ஓட்டியவன் நான். அம்மாவுக்கு மிஞ்சியிருக்கிற பெண் இவள் ஒருத்திதான்.

அதனால் இந்தத் தடவை தெரிந்தவர்களைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று இருக்கிறேன். நீங்கள் சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். துரை டாக்டரிடம் கேட்டு எழுத வேண்டும். கோல்டு பீல்ட்ஸிலிருந்து கிளை ரயிலில் போரிங்பேட்டை, அங்கே இறங்கி ஜோலார்பேட்டை வண்டி, அங்கே மறுபடி மாறிக் குடியாத்தம். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு முழுப் பகல். ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஏரிப்புதூருக்கு நாலு மைல் மாட்டு வண்டி. இதை அவள் உடம்பு தாங்குமா? எந்த மாதம் வரலாம், எந்த மாதம் கூடாது? டாக்டர் வேண்டாம் என்றால் அம்மாவை நான் அங்கே கொண்டுவந்து விடுகிறேன். பிரசவம் எங்கே நடந்தாலும் எனக்குச் சம்மதம், பெண் பிழைத்தால் போதும்.

பெரியவர்களுக்கெல்லாம் என் நமஸ்காரம்.

தங்கவேலு


கோல்டு பீல்ட்ஸ்
1903 ஜூன் 18

அன்புள்ள மச்சான் தங்கவேலுவுக்கு ராஜப்பா ஆசீர்வாதம். இங்கே அனைவரும் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு நானே தைலம் கலக்கிக் கொடுத்திருக்கிறேன், இப்போது தண்ணீர்க் குழாயடி வரைக்கும் நடந்து போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறாள். தம்பிக்கு இந்த மாதம் பகல் ஷிப்டு.

உன் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தேன். ஸ்டேஷனில் பார்சல் எழுதுகிறவன் புத்தி உன்னை விட்டுப் போகாதப்பா. தங்கையையும் எடை போட்டுச் சீட்டு ஒட்டி அனுப்பச் சொல்வாய் போலிருக்கிறது!

டாக்டரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஏழாம் மாதம் ரயிலில் தாராளமாகப் போகலாம், மாட்டு வண்டியில் மட்டும் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து மெதுவாக ஓட்ட வேண்டும் என்றார். கால் வீக்கம் உண்டா, அது உண்டா இது உண்டா என்று இரண்டொரு கேள்வியும் கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் அழைத்து வா, பார்க்கிறேன் என்றார். அதற்கு நான் எங்கே போவேன்? தம்பி பெண்சாதி மூத்தார் முகத்துக்கு முன்னால் நிற்பாளா? கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் உன் தங்கை முகத்தை நான் மணவறையில் பார்த்ததோடு சரி. நான் வாசலில் கனைத்தால் அவள் தட்டி மறைவுக்குப் போய்விடுவாள். வளையல் சத்தத்தை வைத்துத்தான் வீட்டில் இருக்கிறாள் என்று தெரியும். அப்படி வளர்த்திருக்கிறாள் உன் அம்மா. இதையெல்லாம் வெள்ளைக்காரனுக்கு எப்படி விளக்குவது? சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீ கவலையே படாதே. ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள். டாக்டர் இங்கிலீஷில் கேட்பார், நான் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் திருப்பிக் கேட்டுச் சொல்ல வேண்டும். நேற்று ஒருத்தன், "இன்னா சாமி, நான் வாயே தொறக்கல, அதுக்குள்ள எனக்கு இன்னா நோவுன்னு தொரைக்குச் சொல்லிட்டியே" என்றான். ஒன்பது வருஷ சர்வீஸ். ஆளைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடுகிறது, கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகராது.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

ராஜப்பா


குடியாத்தம் ரயில் ஸ்டேஷன்
1903 ஜூன் 25

மாமாவுக்கு வணக்கம். உங்கள் காகிதம் வந்ததிலிருந்து வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். நாங்கள் சௌக்கியம். உங்கள் எல்லோருடைய சௌக்கியமும் கோருகிறேன்.

ஜூலை மாதம் நல்ல நாள் பார்த்திருக்கிறது. இருபதாம் தேதி வளையல் போட்டு, இருபத்திரண்டாம் தேதி மாப்பிள்ளை அழைத்து வந்தால் போதும். ஜோலார்பேட்டையில் பிளேக் சோதனைக்கு எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். பெண்களைப் பெண் ஆள்தான் பார்க்கிறாள், பயப்பட வேண்டாம் என்று குணசுந்தரிக்குச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற என் சிநேகிதன் ஒருவன் உட்கார இடம் பார்த்துக் கொடுப்பான்.

ஒரு சின்ன விஷயம். டாக்டர் இரண்டொரு கேள்வி கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். என்ன கேள்வி என்று எழுதினால் இங்கே அம்மாவும் கவனமாக இருப்பாள். அவள் அனுபவத்தில் தெரியாதது ஏதாவது இருக்கலாம் அல்லவா.

தங்கவேலு


கோல்டு பீல்ட்ஸ்
1903 ஆகஸ்டு 5

மச்சானுக்கு ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஜூலை பதினாறாம் தேதி தம்பி தசரதன் காலில் மரம் விழுந்துவிட்டது. சுரங்கத்துக்கு அடியில் லெவலில் கூரைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கை நழுவியிருக்கிறது. இரண்டு கால் விரல் நசுங்கிவிட்டன. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜில் மேலே கொண்டுவந்தார்கள். நல்ல வேளை, விரலோடு போயிற்று, கால் எலும்பு முறியவில்லை. தினமும் நானே கட்டுக் கட்டுகிறேன். இப்போது கோல் ஊன்றி நடக்கிறான். அத்தை பதறுவாள் என்றுதான் உடனே எழுதவில்லை.

இதனால் ஏழாம் மாதப் பிரயாணம் தவறிப்போயிற்று. எட்டாம் மாதம் பெண்ணை வாசல் தாண்டவிடுகிற வழக்கம் உங்கள் பக்கமும் இல்லை, எங்கள் பக்கமும் இல்லை. ஆகையால் ஒன்பது பிறந்ததும் செப்டம்பர் முதல் வாரத்தில் அனுப்பிவைக்கிறோம். வளையல் மட்டும் குறித்த நாளில் இங்கேயே போட்டாயிற்று. அம்மா கடைக்காரனை வீட்டுக்கே வரவழைத்து இரண்டு கைக்கும் முழங்கை வரைக்கும் அடுக்கிவிட்டாள். இப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் அரிசி களைந்தால் இந்தப் பக்கம் கச்சேரி! கல் இடிக்கிற பாலகாட் ஸ்டாம்ப் மில்லே தோற்றது போ.

மற்றபடி சுகம்.

ராஜப்பா


குடியாத்தம் ரயில் ஸ்டேஷன்
1903 ஆகஸ்டு 10

மாமாவுக்கு வணக்கம். மாப்பிள்ளை காலைப் பற்றிப் படித்தேன். கடவுள் காப்பாற்றினார். அவரை அவசரப்பட்டு வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒன்பதாம் மாதம் என்று நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படிக்கும்போது நானே நிறுத்திவிட்டேன். ரத்தினம்மாளுக்கும் ஒன்பதுதான். மாமா, நான் மரியாதை தப்பிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஜூனில் டாக்டர் சொன்னது ஏழாம் மாதத்துக்கு. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்பதில் அனுப்பக்கூடாது. மறுபடி கேளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், அவர் கையால் ஒரு சீட்டு வாங்குங்கள். சீட்டு இருந்தால் வரட்டும். இல்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த ரயிலில் அம்மா அங்கே வந்துவிடுவாள்.

என்ன கேள்வி கேட்டார் என்றும் நீங்கள் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். அதையும் சேர்த்து எழுதவும்.

தங்கவேலு


கோல்டு பீல்ட்ஸ்
1903 செப்டம்பர் 3

மச்சானுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். நீ கேட்டபடியே டாக்டரின் சீட்டு வாங்கியாயிற்று. தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன். 'பிரயாணம் செய்யத் தகுந்த நிலையில் இருக்கிறாள்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இனியாவது உன் மனசு ஆறட்டும்.

சும்மா கொடுத்துவிடவில்லை. ஒன்பதாம் மாதம் என்றதும் டாக்டர் கண்டிப்பாகிவிட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டார். அதோடு, சிறுநீரைச் சோதித்துப் பார்க்காமல் சீட்டு எழுதமாட்டேன் என்று ஒரு காலிச் சீசாவையும் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் சோதனையும் ஆயிற்று. இந்தச் சோதனை இங்கே தினமும் நான் செய்கிற வேலைதான். கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சினால், உடம்பில் கோளாறு இருந்தால் வெள்ளையாகத் திரியும். திரியவில்லை. குழாயை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

பத்தாம் தேதி வியாழக்கிழமை காலை வண்டியில் ஏறுகிறார்கள். தம்பியும் கூட வருகிறான்.

உன் தங்கை அடக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அன்றைக்குக் கச்சேரி என்று வீட்டில் கேலி பேசியது காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. இந்தப் பத்து நாளாக அவள் நடமாடுவதே தெரியவில்லை. கைநிறைய வளையலை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் வரவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா!

ராஜப்பா


கோல்டு பீல்ட்ஸ்
1903 செப்டம்பர் 6, ஞாயிறு

ஏரிப்புதூர் வெங்கடம்மா அம்மாவுக்கு, கர்த்தருடைய கிருபை உங்கள் வீட்டில் தங்குவதாக. நான் ஐடா. இங்கே மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் பர்னபாஸின் மனைவி, உங்கள் மகள் குணசுந்தரிக்குப் பக்கத்து வீடு. அவளுக்கு எழுதத் தெரியாததால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அண்ணனுக்கு எழுதலாம் என்றேன். அம்மாவுக்குத்தான் என்கிறாள்.

அவள் சொல்வது: "அம்மா, எனக்கு ரெண்டு வாரமா தலை இடி இடின்னு இடிக்குது. கண்ணுக்கு முன்னால மின்மினி பறக்குது. மூஞ்சி உப்பிப்போச்சு, கண்ணு முழுசாத் தொறக்க மாட்டேங்குது. கை வீங்கி வளையல் எல்லாம் சதையில பதிஞ்சு போயி நகரவே மாட்டேங்குது. ஒண்ணுக்குக் கூட நாளைக்கு ஒரு தபாதான் போவுது, அதுவும் கொஞ்சூண்டு. அத்தைகிட்ட சொன்னேன், புள்ளத்தாச்சின்னா இன்னா பூ மாதிரியா இருப்பாங்க, எல்லாருக்கும் இருக்குறதுதான்னு சொன்னாங்க. அவருக்கே கால் நோவு, அவருகிட்ட இன்னான்னு சொல்றது. உன்கிட்ட வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு இருக்கேன்."

இனி நான் எழுதுவது. அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் மூத்தார் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாரே, சொல்லலாமே என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அக்கா, அவருகிட்டயா, மானம் போயிடும்" என்று அழுதாள். டாக்டர் ஏதாவது கேட்டனுப்பினாரா என்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள். நானாவது சொல்கிறேன் என்று அவள் மாமியாரிடம் பேசினேன். வீட்டு விஷயத்தில் தலையிடாதே என்று சொல்லிவிட்டார்கள். நேற்றும் சொன்னேன். பிரயோஜனமில்லை.

வியாழக்கிழமை கிளம்புகிறார்கள். இந்தக் காகிதம் முந்திக்கொண்டு வந்தால், தயவுசெய்து அண்ணனை அனுப்பிப் பிரயாணத்தை நிறுத்துங்கள். பிந்தி வந்தால், அவள் வந்து இறங்கியதும் நேரே வைத்தியரிடம் காட்டுங்கள். நான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐடா பர்னபாஸ்


ஏரிப்புதூர்
1903 செப்டம்பர் 30

மாமாவுக்கு வணக்கம். தந்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. நீங்களும் அத்தையும் வருவீர்கள் என்று கடைசி வண்டி வரைக்கும் ஸ்டேஷனில் நின்றேன். ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்திருக்காது.

நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. பத்தாம் தேதி சாயங்காலம் குடியாத்தத்தில் இறங்கினாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாப்பிள்ளையோடு யாரோ ஒரு பெரிய அம்மாள் வருகிறாள் என்று நினைத்தேன். "அண்ணா" என்ற குரலை வைத்துத்தான் தெரிந்தது. நான் பயந்துபோய் மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். அதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வைக்கோல் பரப்பி வண்டியில் படுக்கவைத்து அனுப்பிவிட்டு நான் டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன். நேரே வைத்தியரிடம் போயிருக்க வேண்டும். அந்தச் சீட்டு கையில் இல்லாவிட்டால் போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு ஜன்னி கண்டது. கை கால் இழுத்துக்கொண்டது. ஆள் வந்து சொன்னதும் நான் குடியாத்தம் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்பாத்திக்கரியை அழைத்துக்கொண்டு ஓடினேன். அவர் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு வீக்கத்தோட எப்படிங்க ரயிலேத்துனாங்க? ஒருத்தருமா பாக்கல?" என்றார். சனிக்கிழமை குழந்தை பிறந்தது. பெண். உயிரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு குணசுந்தரி போய்விட்டாள். கடைசி வரைக்கும் நினைவு வரவில்லை. வளையலைக் கழற்ற முடியவில்லை. ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தார்கள்.

அம்மா அதற்கப்புறம்தான் நினைவு வந்து ஒரு தபாலை எடுத்துக் கொடுத்தாள். உங்கள் பக்கத்து வீட்டு ஐடா அம்மாள் எழுதியது. புதன்கிழமையே வந்திருக்கிறது. படிக்க ஆள் இல்லாமல், ஸ்டேஷன் வேலை விட்டு வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வந்தால் படிக்கலாம் என்று அரிசிப் பானையில் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை படித்தேன்.

மாமா, எனக்கு ஒன்று புரியவில்லை. அப்பாத்திக்கரியும் நீங்கள் எழுதின அதே சோதனையைத்தான் செய்தார். எங்கள் கண்ணெதிரில் விளக்கில் காய்ச்சினார். வேகவைத்த முட்டை மாதிரிக் குழாய் பூராவும் உறைந்துபோயிற்று. இது இன்று நேற்று வந்ததில்லை, மூன்று வாரமாவது இருந்திருக்கும் என்றார். ஒன்பது நாளைக்கு முன்னால் நீங்கள் காய்ச்சினபோது எப்படித் தெளிவாக இருந்தது? சாமான் ஏதாவது கோளாறா? உங்கள் மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உங்களைத் தவிர விஷயம் தெரிந்தவர் எங்களுக்கு யாருமில்லை.

தங்கவேலு


குடியாத்தம் ரயில் ஸ்டேஷன்
1903 அக்டோபர் 28

மாமாவுக்கு வணக்கம். நான் எழுதி நாலு வாரமாகிறது. தபால் தவறவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பதில் வந்ததா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குழந்தை ஆட்டுப்பாலில் தேறி வருகிறது. மாப்பிள்ளை இங்கேயேதான் இருக்கிறார்.

நான் கேட்டது சின்னக் கேள்வி. தெளிவாக இருந்தது எப்படி?

தங்கவேலு


கோல்டு பீல்ட்ஸ்
1903 நவம்பர் 22

தங்கவேலுவுக்கு.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஐந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். விதி, தலையெழுத்து என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதெல்லாம் உனக்கு வேண்டாம்.

டாக்டர் செப்டம்பர் முதல் தேதி கேட்டது மூன்று கேள்வி. முகமும் கையும் வீங்கியிருக்கிறதா? தலைவலியும் கண்ணில் பொறி பறப்பதும் உண்டா? சிறுநீர் குறைந்திருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் வண்டியேற்றாதே, உடனே இங்கே கொண்டுவந்து படுக்க வை, பால் மட்டும் கொடு என்றார். கேட்டுச் சொல்கிறேன் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். 'நோ சார்' என்று மூன்று தரம் சொன்னேன். வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன். பதினெட்டு வயசுப் பெண், வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறாள், அவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். நீ கேட்ட சீட்டு உன் அம்மாவின் மனத்திருப்திக்கு என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் சீசாவைக் கொடுத்தார். அதை மேல்துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மாவிடம் கொடுத்து விஷயத்தைச் சொல்லலாம் என்றுதான் போனேன். அம்மா குழாயடியில் பத்துப் பேரிடம் சொல்வாள். தம்பி பெண்சாதியின் மூத்திரத்தைக் கேட்டு வாங்கினான் மூத்தார் என்று இந்த லைன் வீடுகள் முழுக்கச் சிரிக்கும். என் பெண்டாட்டி செத்து மூன்று வருஷம். தனிக்கட்டை. இன்னும் என்னென்ன பேசுவார்களோ என்று பயந்தேன். "அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்டேன். "இன்னா கேடு, நல்லாத்தான் கீது" என்றாள் அம்மா. தம்பியிடம் சொல்லியிருக்கலாம். அவன் பெண்டாட்டிதானே. அவனிடமும் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தச் சீசாவில் என்னுடையதைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காய்ச்சினதும் நான்தான். தெளிவாக இருந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தங்கவேலு. ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வளையல் சத்தம் நின்றுபோனதை அடக்கம் என்று உனக்கு எழுதினேன். ஒன்பது வருஷமாக வீங்கின கைகளைப் பார்க்கிறவன். வீங்கின கையில் வளையல் ஆடாது என்று எனக்குத் தெரியாதா? தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்து நாள் அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றேன்.

பதினாறாம் நாளுக்கு நான் லீவு கேட்கவே இல்லை. போன மாதம் டாக்டர், "உன் தம்பி மனைவி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா?" என்று விசாரித்தார். "எஸ் சார், பெண் குழந்தை" என்றேன். சந்தோஷப்பட்டுக் கை குலுக்கினார். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

சீசா என் பெட்டியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. தம்பியிடம் நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது.

ராஜப்பா


ஏரிப்புதூர்
1903 டிசம்பர் 6

ராஜப்பா கம்பவுண்டருக்கு.

உங்கள் காகிதத்தை அம்மாவுக்கும் உங்கள் தம்பிக்கும் சேர்த்தே படித்துக் காட்டினேன். தம்பி எழுந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். இனிமேல் அவர் அந்த வீட்டுக்கு வரமாட்டார் என்று மட்டும் எழுதச் சொன்னார்.

அம்மா உங்களைத் திட்டவில்லை. என்னிடம்தான் கேட்டாள். "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் ரயிலேறி வந்து புடிச்சுக் குடுத்திருப்பேனே. பீ மூத்திரம் வாரி வளத்த பொண்ணுதானே. இதுல இன்னாடா வெக்கம்?" பதில் உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

டாக்டர் கேட்ட மூன்று கேள்விக்கும் அவள் பதில் ஐடா அம்மாள் காகிதத்தில் இருக்கிறது. அதைப் பிரதி எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். முகம் வீங்கியிருந்தது. தலைவலி இருந்தது. நீர் குறைந்திருந்தது. மூன்றுக்கும் ஆம். இதை இங்கிலீஷில் மாற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்டுவிட்டு இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தவன் நான். ரத்தினம்மாளுக்கும் நான்தான் பரப்பினேன். அந்தப் பாரத்தை நான் சுமந்துகொள்கிறேன், அதில் உங்களுக்குப் பங்கு வேண்டாம். உங்களுடையதை நீங்கள் சுமக்க வேண்டும்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. முகம் பார்த்துச் சிரிக்கிறாள். தம்பி மகள், உங்களுக்கும் மகள் முறைதான். அவள் உங்கள் எதிரில் வந்து நிற்கலாம், நீங்கள் அவளோடு பேசலாம், எந்த வழக்கமும் தடுக்காது. விவரம் தெரிகிற வயசு வந்ததும் அவளை நானே அங்கே அழைத்து வருவேன். அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்பாள். அப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும் காகிதம் போடாதீர்கள். சீசாவை மட்டும் உடையாமல் வைத்திருங்கள். அவளுக்குக் காட்ட வேண்டும்.

தங்கவேலு